கார்புரேட்டரைக் கழட்டிடலாமா?

கேள்வி: அப்பா வாங்குன கார், 50 வயசு நெருங்குது. ஒரு வாரம் நிறுத்தி வச்சா செல்ஃப் அடிச்சு அடிச்சு பேட்டரியே இறங்கிடுது, சூடான அப்புறம் சிக்னல்ல நின்னா ஆஃப் ஆகுது, ஷெட்டத் திறந்தா பெட்ரோல் வாடை. கார்புரேட்டரத் தூக்கிப் போட்டுட்டு ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் மாத்துங்கன்றாரு மெக்கானிக். மாத்துனா அது அப்பாவோட காரே இல்லன்னு தம்பி சண்டைக்கு வர்றான். யார் பேச்சக் கேக்குறது?

பதில்: ரெண்டு பேரையும் கொஞ்ச நேரம் உக்கார வைங்க, மொதல்ல வண்டியக் கேப்போம். கார்புரேட்டர்னா காத்து இழுக்கற வேகத்துல பெட்ரோலக் கலந்து இஞ்சினுக்கு அனுப்பறது, இன்ஜெக்‌ஷன்னா பெட்ரோல அளந்து ப்ரஷர்ல பீச்சறது. அடுத்த வாட்டி ஒரு வாரம் நின்ன பிறகு, செல்ஃப் அடிக்காம, ஏர் ஃபில்டரக் கழட்டி கார்புரேட்டர் வாய்க்குள்ள டார்ச் அடிச்சுப் பாத்துக்கிட்டே ஆக்ஸிலேட்டர் லிங்க்க கையால ஒரு தடவை முழுசா இழுங்க. ஆக்ஸிலேட்டர் பம்ப் இருக்கற கார்புரேட்டர்னா உள்ள பெட்ரோல் சர்ருன்னு பீச்சணும். பீச்சலன்னா பெரும்பாலும் ஃப்ளோட் சேம்பர், அதாவது கார்புரேட்டர்ல பெட்ரோல் தேங்கி நிக்கற கிண்ணம், காஞ்சு கெடக்கும். பெட்ரோல் ஆவியாப் போயிருக்கு, மெக்கானிக்கல் பம்ப்போ இஞ்சின் சுத்துனாத்தான் இழுக்கும், அதனால சேம்பர் ரொம்பற வரைக்கும் நீங்க செல்ஃப் அடிச்சுட்டே இருக்கீங்க. இத கோளாறுன்னே சொல்ல மாட்டேன், அதோட சுபாவம் அது.

பெட்ரோல் வாடைய மட்டும் தள்ளிப் போடாதீங்க, இன்னைக்கே பாருங்க. பழைய ரப்பர் ஹோஸுக்கு எத்தனால் கலந்த பெட்ரோல் ஆகாது, விரிசல் விட்டுக் கசியும். இன்னொன்னு, அந்த சேம்பர்ல மிதக்கற பித்தளை ஃப்ளோட்டக் கழட்டி காது கிட்ட வச்சு ஆட்டுங்க, உள்ள களக் களக்னு சத்தம் வந்தா ஓட்டை விழுந்து பெட்ரோல் குடிச்சிருக்குன்னு அர்த்தம், அது மிதக்காது, பெட்ரோல் வர்ற வழிய அடைக்கற நீடில் வால்வ் மூடாது, வழிஞ்சுக்கிட்டே இருக்கும்.

சூட்டுல ஆஃப் ஆகறதுக்கு நான் மொதல்ல சந்தேகப்படுறது த்ராட்டில் ஷாஃப்ட்ட, ஆக்ஸிலேட்டர் அமுக்குனா காத்துக் கதவத் திருப்பற கம்பி அது. இத்தனை வருஷம் சுத்தி தேஞ்சிருக்கும், விரலால ஆட்டுனா லொடலொடன்னு ஆடும், அந்த சந்துல காத்து பூந்து மிக்ஸ்சரக் கெடுக்கும். புது புஷ் போட்டா தீந்துச்சு. அடுத்தது கண்டன்ஸர், ஏசில இருக்கறது இல்ல, ஸ்பார்க் வர்ற இக்னிஷன்ல இருக்கறது! இஞ்சின் ஆறி இருக்கும்போது நல்லா ஓடி, சூடானதும் காலை வாரும், பழியெல்லாம் கார்புரேட்டர் தலைல விழும்.

இதெல்லாம் பாக்காம இன்ஜெக்‌ஷன் போட்டா நோயாளிக்கு புதுச் சட்டை மாட்டுன கதைதான். பழைய பம்ப் தர்ற ப்ரஷர் 3-லேந்து 7 பிஎஸ்ஐ வரைக்கும், இன்ஜெக்‌ஷன் செட்டு நெறைய 43-லேந்து 58 பிஎஸ்ஐ கேக்கும். அப்ப ஹோஸ், கிளிப்பு எல்லாம் அந்த ப்ரஷருக்கு ஏத்ததா மாத்தணும், டேங்க்ல துரு இருந்தா கழுவணும், பல செட்டுக்கு டேங்குக்குத் திரும்ப ஒரு ரிட்டர்ன் லைன் இழுக்கணும், டைனமோ வண்டின்னா கரண்ட் பத்தாம ஆல்டர்நேட்டரே போட வேண்டி வரும். சைலன்ஸர் பைப்புல ஆக்ஸிஜன் சென்சார் உக்காரும், அதுக்கு முன்னாடி ஒரு சின்ன ஓட்டை இருந்து வெளிக்காத்து பூந்தா போதும், பெட்ரோல் பத்தலன்னு நெனச்சு இசியூங்கற கம்ப்யூட்டர் இன்னும் ஊத்தும், பின்னாடி கரும்புகை.

இவ்வளவும் சரியா செஞ்சா சொகம்தான், பொய் சொல்ல மாட்டேன். குளிரோ, மலையோ, காத்தோட அடர்த்திய பாத்து அதுவே பெட்ரோல அளந்துக்கும், சுத்த பெட்ரோலுக்கு 14.7 பங்கு காத்துக்கு 1 பங்குங்கற கணக்க ஒட்டியே போகும். கார்புரேட்டருக்கு ஜெட் சைஸ், அதாவது பெட்ரோல் போற சின்ன ஓட்டையோட அளவு, போட்டது போட்டதுதான்.

தம்பி கிட்ட இதையும் சொல்லுங்க, மெர்சிடிஸ் 300 எஸ்எல்ல 1954-லயே மெக்கானிக்கல் இன்ஜெக்‌ஷன் வந்தாச்சு, ஃபோக்ஸ்வேகன்ல பாஷ் கம்பெனியோட எலக்ட்ரானிக் சிஸ்டம் 1967-ல. அதனால இன்ஜெக்‌ஷன்னா புதுக் கார் சமாச்சாரம்னு இல்ல. ஆனா வாரத்துக்கு ஒரு நாள்தான் வண்டி வெளிய வருதுன்னா நான் தம்பி கட்சி. கார்புரேட்டர ரீபில்ட் பண்ணுங்க, ஒரு எலக்ட்ரிக் பம்ப் மாட்டுங்க, இஞ்சின் நின்னா பம்ப்பும் நிக்கற மாதிரி சேஃப்டி சுவிட்சோட, ப்ரஷர் கார்புரேட்டருக்கு ஏத்த அளவுல. தினமும் ஓட்டுறீங்க, மலை ஏறுறீங்கன்னா மெக்கானிக் சொல்றதுதான் சரி, கார்புரேட்டர் எடத்துலயே உக்காரற த்ராட்டில் பாடி டைப் வாங்குங்க, பழைய ஏர் ஃபில்டருக்கு அடியிலயே ஒளிஞ்சுக்கும். கழட்டுன கார்புரேட்டர மட்டும் காயலாங்கடைக்குப் போடாதீங்க.

கேள்வி: என் வண்டில ரெண்டு கார்புரேட்டர். ரெண்டும் சமமா இழுக்குதான்னு மீட்டர் இல்லாம பாக்க முடியுமா?

பதில்: முடியும். ஒரு சின்ன ரப்பர் டியூப் எடுங்க, ஒரு முனைய காதுல, இன்னொரு முனைய ஒவ்வொரு கார்புரேட்டர் வாய்லயும் ஒரே எடத்துல வச்சு கேளுங்க. உஸ்ஸுன்னு ரெண்டுலயும் ஒரே சத்தம் வர்ற வரைக்கும் ஐட்லிங் ஸ்க்ரூவ கொஞ்சம் கொஞ்சமா திருப்புங்க. ஃபேன் பெல்ட் பக்கம் டியூப் போயிடாம பாத்துக்கோங்க.