ஃபேன்டஸி ஆர்பிஜிக்களில் எதில் ஆழம் அதிகம், எதை மறுபடி மறுபடி ஆடலாம்?

ஆர்பிஜி என்றால் மாய உலகில் ஒரு பாத்திரமாகவே மாறி ஆடும் வீடியோ கேம். கேட்டவர் ஸ்கைரிம், விட்சர் 3, எல்டன் ரிங், பால்டர்ஸ் கேட் 3 ஆகிய நான்கையும் வரிசையாகச் சொல்கிறார். ஒன்றுதான் வாங்க முடியும், ஆழமும் இருக்க வேண்டும், முடித்த பிறகு மறுபடி ஆடவும் தோன்ற வேண்டும் என்கிறார். என் பதில்: கணினி தாங்குமென்றால் பால்டர்ஸ் கேட் 3. தாங்காதென்றால், அவர் பட்டியலிலேயே இல்லாத ஒரு பழைய கேம், டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்.

இத்தனை நூறு மணி நேரம் ஆடலாம், வரைபடம் இவ்வளவு பெரியது என்ற பேச்சையெல்லாம் முதலில் தள்ளி வையுங்கள். 1996இல் வந்த டாகர்ஃபால் என்ற கேமின் உலகம் ஏறக்குறைய பிரிட்டன் அளவுக்கு இருந்தது. அதில் பெரும்பகுதி கணினியே கலைத்துப் போட்டு அடுக்கிய ஊர்கள். நாலு ஊர் பார்த்தவனுக்கு ஐந்தாவது ஊரில் புதிதாக எதுவும் இல்லை. ஒரு கேமை மறுபடி ஆடத் தூண்டுவது அது கொடுப்பது அல்ல, கொடுக்க மறுப்பது என்பதே என் கட்சி. ஒரு வழியில் போனால் இன்னொரு வழி அடைபட வேண்டும். அடைபட்ட கதவுதான் மறுபடி இழுக்கும்.

நான் காரைக்குடிக்காரன். பக்கத்துக் கானாடுகாத்தானின் செட்டிநாட்டு வீடுகளைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் பர்மாத் தேக்குத் தூணையும் ஆத்தங்குடிக் கல்லையும் படம் எடுத்துக்கொண்டு அரை மணி நேரத்தில் காரில் ஏறிவிடுவார்கள். வளவை, அதாவது நடு முற்றத்தை, சுற்றி இருக்கும் அறைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு புள்ளிக்கு (மணமானவரின் குடும்பத்துக்கு) உரியவை, சாவி அவரவரிடம். மருமகளாக வந்தவளுக்கு ஓர் அறை திறக்கும், பங்காளி மகனுக்கு வேறோர் அறை. நல்ல ஆர்பிஜி அப்படிப்பட்ட வீடு.

ஸ்கைரிம் எல்லாச் சாவியையும் முதல் நாளே கையில் கொடுத்துவிடுகிறது. 2011 நவம்பரில் வந்த அந்தக் கேமைத் தூற்ற எனக்கு மனமில்லை. பனிமலையில் எந்தத் திசையில் நடந்தாலும் ஏதாவது தட்டுப்படும் அந்த அலைச்சலின் சுகம் தனி. ஆனால் வின்டர்ஹோல்டு மந்திரக் கல்லூரிக்குள் நுழைய வாசலில் ஒரே ஒரு மந்திரத்தைச் செய்து காட்டினால் போதும். அதன்பிறகு பெரும்பாலும் கோடரியாலேயே வெட்டிக்கொண்டு போய் அந்தக் கல்லூரிக்கே தலைவராகிவிடலாம். அதே ஆள் திருடர் சங்கத்துக்கும் தலைவர், வீரர் கூட்டத்துக்கும் தலைவர். எப்படி ஐயா என்று ஒருவரும் கேட்பதில்லை. கதைக்கு வேண்டிய ஆளை வெட்டினால் அவர் மண்டியிட்டு மூச்சு வாங்கிவிட்டு எழுந்துகொள்வார். உள்நாட்டுப் போரில் ஒரு பக்கம் நின்றாக வேண்டும், உண்மைதான். எந்தப் பக்கம் வென்றாலும் நாற்காலியில் ஆள் மாறுவதைத் தவிர ஊரில் பெரிய மாற்றம் தெரியாது. பணிகள் தீர்ந்துபோனால் அதே வேலையை வேறு குகையின் பெயர் போட்டுக் கொடுத்துக்கொண்டே இருக்கும். சரக்கு தீராது, சுவை தீர்ந்துவிடும்.

அப்படியானால் ஏன் இன்னமும் இத்தனை பேர் ஆடுகிறார்கள் என்று கேட்பீர்கள். மாட்களால்தான், அதாவது ஆடுகிறவர்களே எழுதிக் கேமில் சேர்க்கும் மாற்றங்களால். ரசிகர்கள் எழுதிச் சேர்த்தவற்றில் 2016இல் ஒரு ஜெர்மானியக் குழு வெளியிட்ட எண்டெரல் தனி உலகம், தனிக் கதை. அதைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஸ்கைரிம்மின் ஆயுளுக்கு எல்லையே இல்லை. ஆனால் அந்தப் பெருமை பாதிக்கு மேல் மாட் எழுதியவர்களுக்குப் போக வேண்டும்.

ஸ்கைரிம்மைச் செய்த அதே பெதஸ்டா நிறுவனம் 2002இல் செய்த மாரோவிண்டில் இந்தத் தாராளம் கிடையாது. மூன்று பெருங்குடிகளில் ஒன்றில் சேர்ந்தால் மற்ற இரண்டும் உங்களைச் சேர்க்காது. சங்கத்தில் பதவி உயர அந்தத் தொழிலில் தேர்ச்சி இருந்தாக வேண்டும். முக்கியமான ஆளைக் கொன்றுவிட்டால், விதியின் இழை அறுந்துவிட்டது, முன்பு சேமித்து வைத்த பழைய சேவுக்குப் போ அல்லது கெட்ட உலகத்திலேயே கிட என்று கேம் சொல்லிவிடும். போகும் இடத்தைக் காட்டும் அம்புக்குறியும் இல்லை. ஆரம்பத்திலேயே பழைய குள்ளர் கோட்டை ஒன்றிலிருந்து ஒரு புதிர்ப் பெட்டியை எடுத்துவரச் சொல்வார்கள். ஊரைத் தாண்டு, கோட்டையைக் கடந்து பாலத்தில் ஏறு என்று வாய்வழி சொன்னதைக் குறிப்பேட்டில் படித்துக்கொண்டு நடக்க வேண்டும். போய்ச் சேர்ந்தால் கதவு திறக்காது; அருகே ஒரு குழாயில் இருக்கும் கைப்பிடியைத் திருப்ப வேண்டும். உள்ளே அந்தப் பெட்டி அலமாரியில் ஒரு சின்னக் கட்டியாக உட்கார்ந்திருக்கும், கண்ணுக்கே படாது. இன்று ஆடுகிறவர் பாதிப் பேர் இங்கேயே விட்டுவிடுவார்கள். சண்டை முறையும் பழசு, கண் முன்னால் நிற்பவனை வெட்டினால் படவில்லை என்று சொல்லும். அதனால் உங்களுக்கு இதைச் சிபாரிசு செய்யவில்லை.

விட்சர் 3 (2015) எழுத்தில் இந்த நாலில் முதலிடம். குடிகாரச் சீமானின் கதையில், மரத்தடியில் சிறைப்பட்ட ஓர் ஆவியை விடுவிப்பதா கொல்வதா என்ற கட்டம் வரும். விடுவித்தால் அநாதைக் குழந்தைகள் பிழைப்பார்கள், ஒரு கிராமம் அழியும், சீமானின் மனைவிக்கும் நல்ல முடிவு கிடையாது. கொன்றால் கணக்கு வேறு மாதிரி புரளும். எதைச் செய்தாலும் தூக்கம் போகும். இவ்வளவு இருந்தும் இரண்டாம் முறை ஆடியபோது எனக்குப் பாதி வழியில் அலுத்தது. காரணம், நீங்கள் எப்போதும் கதாநாயகன் கெரால்ட்தான். வாளும் அதுதான், தொண்டையும் அதுதான். இப்படிப்பட்ட இரண்டு மூன்று கட்டங்களுக்கு நடுவில் வரும் நெடுந்தூரம் அப்படியே முன்பு போலவே இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், இதைவிடச் சிறிய விட்சர் 2இல் (2011) முதல் அத்தியாய முடிவில் யாரோடு போகிறீர்கள் என்பதைப் பொறுத்து இரண்டாம் அத்தியாயமே வேறு ஊரில் நடக்கும். அந்தத் துணிச்சல் பெரிய தம்பியிடம் குறைந்துவிட்டது. பிளட் அண்ட் ஒயின் விரிவாக்கத்தில் மட்டும் ஓரிடத்தில் வழி இரண்டாகப் பிரிகிறது; ஒன்றைப் பார்த்தால் மற்றதை அந்த ஆட்டத்தில் பார்க்க முடியாது. ஒரே ஒரு முறை ஆடப்போகிறவருக்கு விட்சர் 3ஐவிட நல்லது இல்லை.

எல்டன் ரிங்கை (2022) என் அளவுகோலில் வைப்பது கொஞ்சம் சங்கடம். அங்கே கதை பேச்சில் இல்லை, பொருள்களின் குறிப்பில் ஒளிந்திருக்கிறது. கதவையும் அதிகம் மூடுவதில்லை. முடிவு ஆறு இருந்தும் பெரும்பாலும் கடைசி நிமிடத்தில்தான் பிரிகிறது. ஆனாலும் மறுபடி ஆடத் தோன்றுகிறது. பெரிய வாளைத் தூக்கிக்கொண்டு ஒருமுறை, தூர நின்று மந்திரம் வீசி ஒருமுறை என்று ஆடும்போது அதே எதிரி வேறு எதிரியாகிறான். மாறுவது கதை அல்ல, உங்கள் கைகள். நான் ஒரே பாஸிடம் (பெரிய எதிரியிடம்) மூன்று இரவு தோற்றுக்கொண்டிருந்ததைத் திண்ணையிலிருந்து பார்த்த அப்பத்தா, "நேற்று உன்னைக் கொன்றவன்தானே இவன், இன்றும் இவனிடமே ஏன் போகிறாய்?" என்றார். நியாயமான கேள்வி. நிலவறைகளில் அதே கல் பூனைக் காவலன் திரும்பத் திரும்ப வருவதுதான் எனக்குக் குறை.

இனி பால்டர்ஸ் கேட் 3. பெல்ஜியத்தின் லாரியன் நிறுவனம் 2023 ஆகஸ்டில் வெளியிட்டது. பிள்ளையார் நோன்புக்கு வீட்டில் எல்லாரும் கூடியிருந்தபோது சென்னையிலிருந்து வந்த சித்தப்பா மகளும் நானும் நோன்புச் சடங்கான இழை எடுத்தல் முடிந்ததும் பட்டாலையில் லேப்டாப்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உட்கார்ந்தோம். இருவரும் இரண்டாம் பகுதியில் இருந்தோம். என் ஆட்டத்தில் விடுதிக்குள் கொம்பு வைத்த அகதிகள் நிறைந்திருந்தார்கள். பாட்டுக்காரப் பெண் மூலையில் இருந்தாள், குழந்தைகள் கால்களுக்குள் ஓடினார்கள். தங்கையின் ஆட்டத்தில் அவர்களில் ஒருவரும் இல்லை. முதல் பகுதியில் அவள் கோப்ளின்கள் என்ற குட்டிப் பூதங்களின் பக்கம் சேர்ந்து அந்த அகதிகள் ஒதுங்கியிருந்த தோப்பை அழித்துவிட்டிருந்தாள். அதனால் வில், கார்லாக் என்ற இரண்டு தோழர்களும் அவளைவிட்டுப் போயிருந்தார்கள். பதிலுக்கு நான் வாளெடுத்துக் கொன்ற கோப்ளின் கூட்டத் தலைவி மின்தாரா அவள் முகாமில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். "அண்ணே, இந்தப் பெண் இப்படியெல்லாம் பேசுவாளா என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது" என்று அவள் பெருமையடித்துக்கொண்டாள். தெரியாதுதான்.

சின்னச் சின்ன இடங்களிலும் அந்தக் கேமுக்கு இந்தப் பிடிவாதம் உண்டு. பிணத்தோடு பேசும் மந்திரம் இருக்கிறது. ஆனால் நீங்களே கொன்ற ஆள் உங்களோடு பேசமாட்டான். வேறு உருவம் எடுத்துக்கொண்டு போனால் அடையாளம் தெரியாமல் பேசிவிடுவான்! இதை யோசித்து எழுதியவர்களுக்கு ஒரு கும்பிடு. கேமே எழுதி வைத்திருக்கும் ஆயத்தப் பாத்திரங்களில் ஒருவராகவே ஆடினால் தோழனாகப் பார்த்தவனின் கதை உள்ளிருந்து திறக்கும். ஹானர் என்ற கடின முறையில் ஒரே சேவ்தான். கூட்டம் மொத்தமும் செத்தால் அந்தப் பெருமை போயிற்று. குறையும் உண்டு: மூன்றாம் பகுதியின் நகரத்தில் எல்லாக் கதைகளும் ஒரே நேரத்தில் வந்து முட்டிக்கொள்கின்றன, சுமாரான கணினியும் அங்கேதான் திணறும். 150 ஜிபி இடம் வேண்டும், அதுவும் எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகத்தில்.

அது இல்லாதவர்களுக்குத்தான் 2009இல் வந்த டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ். பத்து வருடப் பழைய லேப்டாப்பிலும் ஓடும். ஆறு பிறப்பிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம், ஒவ்வொன்றுக்கும் தனித் தொடக்கம். குள்ளர் நகரத்தில் பாதாளச் சிம்மாசனத்துக்கு ஒரு போட்டி வரும்: இளவரசன் பேலன் ஒரு பக்கம், பழமையை விடாத ஹாரோமாண்ட் மறுபக்கம். குள்ளர் அரச குடும்பத்தில் பிறந்தவராக ஆடினால் இந்தப் பேலன் உங்கள் சொந்தத் தம்பி, உங்கள் மேல் பழி போட்டுத் துரத்தியவன்; அசல் பங்காளிச் சண்டை. முகத்தில் முத்திரை குத்தப்பட்ட சாதியற்ற குள்ளராக ஆடினால் அதே பேலன் உங்கள் அக்காவைத் தன்னோடு வைத்திருப்பவன், உங்கள் தாய் அவன் வீட்டில் சுகமாக இருக்கிறாள். வெளியூர் மந்திரவாதியாகப் போனால் இரண்டு பேருமே யாரோ. இதில் பேலன் அயோக்கியன், ஆனால் அவன் அரசனானால் சாதியற்றவர்களுக்கு விடிவு உண்டு. நல்லவரான ஹாரோமாண்ட் வந்தால் பழைய கட்டுப்பாடு இன்னும் இறுகும். வசனம் பெரும்பாலும் அதேதான். கேட்கிற காது வேறு.

முதலில் மந்திரவாதியாகவோ மனிதராகவோ ஆடி முடியுங்கள். அடுத்த முறை சாதியற்ற குள்ளர், அதற்கடுத்து அரச குடும்பத்துக் குள்ளர். முதல் முறை வழிகாட்டிப் பக்கங்களைத் திறக்காதீர்கள். எல்லா விரிவாக்கங்களும் சேர்ந்த அல்டிமேட் பதிப்பைத் தள்ளுபடிக் காலத்தில் வாங்குங்கள். தனித்தனியாக வாங்கினால் பணம் வீண்.