தெருவில் நிற்கும் தண்ணீர்: மனு எழுதுவதற்கு முன் செய்ய வேண்டியவை

கேள்வி: பாளையங்கோட்டைக்குக் கிழக்கே, மாநகராட்சி எல்லையை ஒட்டிய ஊராட்சியில் இருக்கிறோம். வயலை மனையாக்கிய இடம். ஐந்து ஏக்கரில் 60 வீடுகள். ஒரு மழை பெய்தால் நான்கு நாள் தண்ணீர் வடிவதில்லை. ஊராட்சியில் கேட்டால் வாறுகால் (தெரு வடிகால்) போய்ச் சேரும் இடம் மாநகராட்சிக்குள் வருகிறது என்கிறார்கள். மாநகராட்சி நீர்வளத்துறையையும், நீர்வளத்துறை நெடுஞ்சாலையையும் காட்டுகின்றன. யாருக்கு மனு எழுதுவது?

பதில்: மூன்று அலுவலகங்கள் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருக்கும், அதுதான் இதிலுள்ள சிக்கல். 1994-இல் திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம், தச்சநல்லூர் ஆகியவற்றைச் சேர்த்து மாநகராட்சி உருவானது. வீடுகள் அந்த எல்லையில் நிற்கவில்லை, வயலுக்குள் இறங்கிவிட்டன. பொறுப்பு மட்டும் பழைய எல்லைகளிலேயே கிடக்கிறது. உங்கள் தெருத் தண்ணீர் குளம் சேர ஒரு கிலோமீட்டர் போகவேண்டும் என்றால், அந்தத் தூரத்துக்குள்ளேயே நான்கு பேருடைய நிலத்தைக் கடக்கிறது. இந்நிலையில் மொத்தத் தொல்லையையும் ஒரே மனுவில் எழுதினால், ‘தொடர்புடைய துறைக்கு அனுப்பப்பட்டது’ என்ற பதிலோடு அது முடிந்துவிடும்.

முதல் வேலை நடப்பது. மழை விட்ட அன்றே, தண்ணீர் தேங்கிய இடத்திலிருந்து பள்ளம் போகிற பக்கமாக, ஓடையையோ வாய்க்காலையோ குளத்தையோ தொடும்வரை நடந்து பாருங்கள். எங்கெல்லாம் தண்ணீர் தடைபடுகிறதோ அங்கெல்லாம் படம் எடுத்து, கைப்பேசியில் இடக்குறியீட்டையும் பதிந்துகொள்ளுங்கள். குழாய்ப் பாலம் இருந்தால் அதன் உள் அகலம், உயரம், உள்ளே எத்தனை அங்குலம் மண் படிந்திருக்கிறது என்பதை டேப் வைத்து அளந்து எழுதுங்கள்.

அடுத்தது நில ஆவணம். வருவாய்த்துறையின் இணையச் சேவைத் தளத்தில் ‘அ’ பதிவேடு (எந்தப் புல எண் யாருடையது, என்ன வகை நிலம் என்ற பட்டியல்), புலப்படம் இரண்டும் கிடைக்கும். நீங்கள் நடந்த வழியின் புல எண்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். ‘வாய்க்கால்’, ‘ஓடை’ என்று புறம்போக்காக இருந்தால் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. அதை அடைத்தவருக்கு 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி நோட்டீஸ் கொடுத்து அகற்ற வழி உண்டு. ஆனால் நஞ்சையில் பெரும்பாலும் நடப்பது வேறு. கிளை வாய்க்கால்கள் பட்டா நிலத்துக்குள்ளேயே, அவரவர் வரப்போரமாக, ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து ஓடியவை. வயல் மனையானதும் அவை மண்ணுக்குள் போய்விடும், ஆவணத்தில் அவற்றுக்குப் பெயரே இருக்காது. அப்படியென்றால் பழைய வழியை மீட்கப் போராடுவதைவிட, சாலையோரமாகப் புது வாறுகால் கேட்பதே நடக்கிற காரியம்.

அதற்கு உங்கள் தெரு ஊராட்சியின் பெயரில் இருக்கவேண்டும். அங்கீகரித்த மனைப்பிரிவு என்றால் சாலையும் பூங்கா இடமும் தானப் பத்திரம் மூலம் ஊராட்சிக்குப் போயிருக்கும். தாய்ப் புல எண்ணுக்கு (மனையாகப் பிரிக்கும் முன் இருந்த எண்) வில்லங்கச் சான்று போட்டால் அந்தப் பத்திரம் தெரியும். தெரியவில்லை என்றால், தெரு இன்னும் மனை போட்டவர் பெயரிலேயே இருக்கிறது. தன்னுடையதல்லாத நிலத்தில் ஊராட்சி பணம் செலவழித்தால் தணிக்கையில் மாட்டும். ‘நிதி இல்லை’ என்று சொல்கிற பல இடங்களில் உண்மையான காரணம் இதுதான். 20.10.2016-க்கு முன் அங்கீகாரமில்லாமல் போட்ட மனைப்பிரிவு என்றால், அதை முறைப்படுத்தும் 2017 வரன்முறை விதிகளின் கீழ் வருமா, விண்ணப்பம் இப்போது வாங்குகிறார்களா என்பதை நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் கேளுங்கள்.

வாறுகால் கிடைத்தாலும் அளவு தப்பினால் பயனில்லை. ஐந்து ஏக்கரில் ஒரு மணி நேரத்தில் 5 செ.மீ. மழை பெய்தால் சுமார் 10 லட்சம் லிட்டர். வயலாக இருந்தபோது வரப்பு அதைத் தாங்கிக்கொண்டது. இப்போது கூரையும் சிமென்ட் தளமுமாகிவிட்டதால், ஐந்தில் நான்கு பங்கு ஓடிவருகிறது என்று வைத்தால் நொடிக்கு 220 லிட்டருக்கு மேல். 300 மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவில், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழமுள்ள சிமென்ட் வாறுகால் நிரம்ப ஓடினால் ஏறக்குறைய இவ்வளவைத்தான் கடத்தும். வழக்கமாகப் போட்டுக் கொடுக்கிற ஓர் அடி வாறுகால் இதில் மூன்றில் ஒரு பங்குதான். மண் படிந்தால் அதுவும் இல்லை. வேலை எப்போதும் கடைசி முனையிலிருந்து மேல்நோக்கி வரவேண்டும். தெருவில் மட்டும் கட்டி முனையைத் திறந்துவிட்டால் அடுத்த தெரு முழுகும். சாலையை மறுபடி போடும்போது பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் போடவேண்டும் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் வீடு பள்ளமாகும்.

இப்போது மனு. தெரு வாறுகாலுக்கு வட்டார வளர்ச்சி அலுவலர் (கிராம ஊராட்சி). பாசன வாய்க்கால், குளம் என்றால் நீர்வளத்துறைச் செயற்பொறியாளர். 100 ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) உள்ள குளம் பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. பாலம் மாநிலச் சாலையில் இருந்தால் நெடுஞ்சாலைத்துறை. தூத்துக்குடி போகிற 138-ஆம் எண் சாலையில் இருந்தால் தேசிய நெடுஞ்சாலையின் திட்ட இயக்குநர். எல்லைக்குள் வரும் பகுதிக்கு மாநகராட்சி ஆணையர். ஒரு மனுவில் ஒரு புல எண், ஒரு அடைப்பு, ஒரு வேலை. இவற்றின் நகல்களையும் நீங்கள் வரைந்த வழிப்படத்தையும் வைத்து, கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஒன்றை மட்டும் கேளுங்கள்: இத்தனை துறையும் ஒரே நாளில் வந்து பார்க்கும் கூட்டுக் கள ஆய்வு. மாவட்டத்தில் இவர்கள் எல்லோரையும் ஒரே இடத்துக்குக் கூப்பிடக்கூடியவர் ஆட்சியர்தான்.

‘எங்கள் எல்லை இல்லை’ என்ற பதில் வந்தால் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடுங்கள்: ‘இந்தப் புல எண்ணிலுள்ள பாலத்தைப் பராமரிப்பது எந்த அலுவலகம், கடைசியாகத் தூர் வாரிய பதிவு என்ன?’ தகவல் தங்களிடம் இல்லை என்றால் 6(3) பிரிவின்படி ஐந்து நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு அவர்களே அனுப்பவேண்டும். அந்த அனுப்புக் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள். பொறுப்பு எங்கே என்பதை அவர்களே எழுதிக் கொடுத்த தாள் அது.

ஒன்றை மட்டும் கேட்காதீர்கள். குளியலறை, சமையலறைக் கழிவுநீரை பாளையங்கால்வாயிலோ வேறு பாசன வாய்க்காலிலோ விடக் கேட்பது தவறு, நீர்வளத்துறை மறுப்பதே சரி. கீழே அதை நம்பி நெல் இருக்கிறது. மழைநீர் வழி வேறு, கழிவுநீர் வழி வேறு. நஞ்சைக் களிமண்ணில் வீட்டுக்கு ஓர் உறிஞ்சுகுழி என்பதும் மழைக்காலத்தில் நிரம்பி நிற்கும். தெருவுக்குப் பொதுவாகக் குழாய் போட்டுச் சுத்திகரிக்கிற ஏற்பாட்டைத் தனி மனுவாகக் கேளுங்கள்.

மனுவை எப்போது கொடுப்பது என்பதும் முக்கியம். பிசானப் பருவ நெல் அறுவடை முடிந்து, அடுத்த நெல்லான கார் பருவத்துக்கு ஜூனில் தண்ணீர் திறக்கும் வரைக்கும்தான் வாய்க்கால் காய்ந்து கிடக்கும்; தூர் வாருவதும் பாலத்தைப் பெரிதாக்குவதும் அப்போது மட்டுமே முடியும். மதிப்பீடு தயாராகவே இரண்டு மாதம் ஆகும். எனவே அக்டோபர் மழையில் படம் எடுத்து, ஜனவரியிலேயே மனுவைக் கொடுத்துவிடுங்கள்.