பச்சைப் போத்தல் வாங்கினால் போதுமா?

கேள்வி: நிலாவெளியில் ஆறு அறைகள் கொண்ட விருந்தினர் விடுதி நடத்துகிறேன். துப்புரவுக்கு இரண்டு பெண்கள் வருகிறார்கள். சூழலைப் பாதிக்காத முறையில் துப்புரவு செய்கிறோமா என்று வெளிநாட்டுப் பயண முகவர் எழுத்தில் கேட்டிருக்கிறார். ‘இயற்கை’ என்று அச்சிட்ட திரவங்கள் இருமடங்கு விலை. அவற்றை வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: நீங்கள் முதலில் வாங்க வேண்டியது ஓர் அளவுக் குவளை. முகவரின் கேள்வி வெறும் சம்பிரதாயம் அல்ல. பல பொருட்களுக்கு வழங்கப்படும் ஐரோப்பிய ஒன்றியத்தின் சூழல் முத்திரை, 2018 முதல் கட்டடங்களுக்குள் செய்யும் துப்புரவுச் சேவைக்கும் வழங்கப்படுகிறது. அதற்குத் திரவத்தின் பெயர் மட்டும் போதாது. அளந்து பயன்படுத்துகிறார்களா, பணியாளருக்குப் பயிற்சி உண்டா, குப்பை தரம் பிரிக்கப்படுகிறதா என்பவையும் பார்க்கப்படும். தயாரிப்பாளர் தாமே அச்சிட்டுக்கொள்ளும் ‘இயற்கை’ என்ற சொல் இவற்றில் எதற்கும் ஆதாரமாகாது. இலங்கைத் தர நிறுவனத்தின் எஸ்.எல்.எஸ். முத்திரையும் தரத்துக்கு உரியது. அதைச் சூழல் சான்றாகக் காட்ட வேண்டாம்.

நிலாவெளி மணற்பாங்கான நிலம் என்பதால், உறிஞ்சுகுழிக்குள் போவது அதிகம் வடிகட்டப்படாமலே நிலத்தடி நீரைச் சேரக்கூடும். அதே வளவில்தான் பெரும்பாலும் கிணறும் இருக்கும். வாசனைக்காகத் தினமும் மலசலகூடத்தில் பிளீச்சை அளவின்றி ஊற்றினால், மலக்குழியில் கழிவைச் சிதைக்கும் பக்டீரியாக்களும் சேர்ந்து அழிகின்றன. அழுக்கு நீக்குவது வேறு, கிருமி நீக்குவது வேறு. தரைக்கும் விறாந்தைக்கும் சாதாரண சவர்க்காரத் திரவம் போதும். விருந்தினர் எவரேனும் வாந்தி, வயிற்றோட்டத்தால் அவதிப்பட்ட அறை போன்ற இடங்களுக்கு மட்டும் பிளீச்சை ஒதுக்குங்கள். 5 சதவீதப் பிளீச் என்றால் ஒரு லீற்றர் தண்ணீருக்கு 20 மில்லிலீற்றர் சேர்த்தால் 0.1 சதவீதக் கரைசல் கிடைக்கும். அழுக்கு குளோரினைச் செயலிழக்கச் செய்துவிடும் என்பதால், முதலில் கழுவிவிட்டே அதைப் பூச வேண்டும். நம் ஊர் வெயிலில் பிளீச்சின் வீரியம் விரைவில் குறையும். மலிவு என்று பெரிய கலன் வாங்குவது வீண்செலவு.

இதைவிட அவசரமான விடயம் ஒன்று உண்டு. மலசலகூடத்துக்கு ஊற்றும் அமிலத் திரவத்துடன் பிளீச் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். யன்னலில்லாத குளியலறையில் குனிந்து தேய்க்கும் பெண்ணின் சுவாசப்பைக்குத்தான் அது முதலில் போகும். பிளீச்சுடன் கலந்தால் வினாகிரியும் எலுமிச்சை அமிலமும்கூட இதே ஆபத்தைத் தரும். ஆகவே பிளீச்சையும் அமிலங்களையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். பணியாளர் வாசிக்கும் மொழியில் பெயரெழுதி ஒட்டுங்கள்.

கடலோரக் கிணற்று நீர் கடினமாக இருந்தால் குழாயடியில் வெள்ளைப் படிவு ஏறும். அதற்குக் கடும் அமிலம் தேவையில்லை. இளஞ்சூடான ஒரு லீற்றர் நீரில் இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சை அமிலத் தூளைக் கரைத்து, அதில் துணியை நனைத்துக் குழாயைச் சுற்றிக் கால் மணி நேரம் விட்டுத் தேய்த்தால் படிவு இளகிவிடும். சீமெந்துத் தரையிலும் மாபிளிலும் மட்டும் இதைப் பயன்படுத்த வேண்டாம், அவற்றையும் அரித்துவிடும்.

தரையில் திரவத்தைக் கூட்டினால் பளபளப்புக் கூடும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. உண்மையில் மிஞ்சிய சவர்க்காரம் ஒட்டும் படலமாகத் தங்கி, கடற்கரையிலிருந்து காலோடு வரும் மணலைப் பிடித்துவைக்கும். வாசலில் கால் கழுவ ஒரு குழாயும் தும்புக் கால்மிதியும் இருந்தால் பாதி வேலை குறையும். நுண்ணிழைத் துணி குறைந்த திரவத்தில் நன்றாகத் துடைக்கும். ஆனால் அதைத் துணி மென்மையாக்கியில் அலசினால் இழை அடைபட்டுப் பயனற்றுப் போகும். மலசலகூடத் துணிக்குச் சிவப்பு, சமையலறைக்குப் பச்சை என்று நிறம் பிரித்துவிடுங்கள். நுண்ணிழைத் துணியும் பிளாஸ்டிக் இழைதான் என்பதால் வெளித்தரைக்கு வேண்டாம். அங்கே நம் தும்புத்தடியே மேல்.

வடிகாலில் போடும் நப்தலீன் உருண்டைகளை இன்றே நிறுத்தலாம். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் நப்தலீனை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய சாத்தியமுள்ள பொருட்களில் வகைப்படுத்தியுள்ளது. அது நாற்றத்தை மறைக்குமே தவிர, வடிகாலைச் சுத்தம் செய்யாது.

முகவருக்கு எழுதும்போது ‘முற்றிலும் இயற்கை’ என்று எழுதாதீர்கள். எந்தத் திரவம், எந்த விகிதத்தில், எந்த இடத்துக்கு, பணியாளருக்கு என்ன கற்பித்தீர்கள் என்பதை ஒரே பக்கத்தில் எழுதி, ஒவ்வொரு திரவத்துக்கும் விற்பனையாளரிடம் பாதுகாப்புத் தரவுத் தாளை (திரவத்தில் என்ன இருக்கிறது, என்ன ஆபத்து என்று தயாரிப்பாளர் எழுதித் தரும் தாள்) கேட்டு வாங்கி இணையுங்கள். இருமடங்கு விலைக்கு விற்பவரால் அந்தத் தாளைத் தர முடியாவிட்டால், அவரிடம் வாங்குவதற்குக் காரணமே இல்லை.