வாசலில் நின்று கையெழுத்துப் போடாதீர்கள், தம்பி

கனடாவில் பிராம்டனில் வீடு வாங்கியாயிற்று, வீட்டைச் சூடாக்கும் பழைய ஃபர்னஸ் ஓய்ந்துவிட்டது, புது ஃபர்னஸும் ஏசியும் போடுவதா, இல்லை ஹீட் பம்ப் போடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். திருமங்கலத்துத் தம்பி என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வந்து, இப்போது நான் மதுரையில்தான் இருக்கிறேன். கரண்ட் போய் அரை மணி நேரமாகிறது. வேர்த்து ஊற்றிக்கொண்டே கனடாக் குளிரைப் பற்றி எழுதுகிறேன்.

ஹீட் பம்பில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. மொட்டைமாடியில் ஸ்பிளிட் ஏசியின் அவுட்டோர் யூனிட் பக்கம் போனால் முகத்தில் அனல் அடிக்குமே, அதை வீட்டுக்குள் திருப்பிவிட்டால் அதுதான் ஹீட் பம்ப். கோடையில் அதுவே ஏசி. குளிர் நாட்டுக்கென்று வரும் வகை மைனஸ் 25 டிகிரியிலும் ஓடும். ஆனால் குளிர் கூடக் கூட அதன் சக்தி குறையும், துணைக்கு கேஸ் ஃபர்னஸ் ஒன்று இருக்கட்டும். எது லாபம் என்பதை உங்கள் கேஸ் பில்லும் கரண்ட் பில்லும் சொல்லும். எதைப் போட்டாலும் குடி முழுகாது.

குடி முழுகுவது வேறு இடத்தில். 2005 ஜனவரியில் நாங்கள் போய் இறங்கியது டொராண்டோ பக்கம் ஸ்கார்பரோவில் ஒரு பேஸ்மென்ட், அதாவது வீட்டின் நிலவறை. சூட்டைக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்டாட் மேலே, வீட்டுக்காரர் கையில். அவரும் தமிழர்தான், அவருக்கு வேர்த்தால் எங்களுக்கு மார்கழி. குரங்குக் குல்லாயோடுதான் தூங்கினோம். அதனால் சொந்த வீடு வாங்கியதும், கழுத்தில் அட்டை தொங்க ஒரு பையன் வந்து "அண்ணே மதுரையா? நான் மேலூர்" என்றபோது உருகிவிட்டேன். முன்பணம் இல்லை, மாத வாடகைக்குப் புது ஃபர்னஸ் என்றான். காபி கொடுத்துக் கையெழுத்தும் போட்டேன். வீட்டை விற்கப் போனபோதுதான் வில்லங்கம் தெரிந்தது: அந்தக் கம்பெனி வீட்டின் பதிவிலேயே தன் பாத்தியதையை ஏற்றி வைத்திருந்தது. அதை நீக்க நான் கட்டிய பணத்தில் இரண்டு ஃபர்னஸ் வாங்கியிருக்கலாம்.

உங்கள் ஒன்டாரியோ மாகாணத்தில் 2018 மார்ச் 1 முதல் ஃபர்னஸ், ஏசி போன்றவற்றை வீடு வீடாக வந்து விற்கத் தடை. வீட்டின் பதிவில் அப்படிப் பாத்தியதை ஏற்றி வைப்பதற்கும் 2024-ல் தடை வந்துவிட்டது. ஆனாலும் போன் வரும், இலவசப் பரிசோதனை என்பார்கள். நம்ம ஊர்க்காரர் என்று யாராவது ஆரம்பித்தால் இன்னும் ஜாக்கிரதை. நீங்கள் வாங்கிய வீட்டின் வாட்டர் ஹீட்டர் வாடகையா என்று ஒப்பந்தத்தை எடுத்து இன்றைக்கே பாருங்கள்.

அப்புறம், பெரிதாகப் போட்டால் கௌரவம் என்பது நம்மவர்கள் வியாதி. மதுரைக் கடையில் பத்துக்குப் பன்னிரண்டு அறை என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றரை டன் என்பார்கள். அங்கே முழு வீட்டுக்கும் ஒரே மெஷின். தேவைக்கு மேல் பெரிதானால் அடிக்கடி ஓடி நிற்கும், கோடையில் அறை சில்லென்று இருந்தும் பிசுபிசுப்பு போகாது. அறை அறையாக அளந்து, ஜன்னலையும், சுவரில் குளிரைத் தடுக்கும் இன்சுலேஷனையும் பார்த்துக் கணக்குப் போடுபவரிடம் வேலையைக் கொடுங்கள். பழைய மெஷினின் லேபிளை மட்டும் பார்த்து விலை சொல்பவரை அனுப்பிவிடுங்கள்.

எந்த பிராண்ட் என்றும் கேட்டிருந்தீர்கள். ஒழுங்காக மாட்டினால் எல்லாம் ஓடும். ஃபில்டரை மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது பாருங்கள். சுவருக்கு வெளியே வரும் ஃபர்னஸ் குழாயைப் பனி மூடவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம். கருவாடு வறுக்கும்போது அடுப்புக்கு மேல் உள்ள ஃபேனைப் போடுங்கள், இல்லாவிட்டால் வாசனை டக்ட் எனும் காற்றுக் குழாய் வழியாகப் படுக்கையறை வரை போகும்.

குளிர்காலத்தில் வீட்டுக்குள் காற்று ரொம்ப வறண்டுவிடும். அம்மா வந்திருந்த வருஷம், சூடான காற்று வரும் தரைத் துவாரத்துக்குப் பக்கத்தில் தட்டு வைத்து மோர் மிளகாய் காயப்போட்டார். சித்திரை வெயிலைவிட இது தேவலை என்று சந்தோஷம். பிள்ளைகளுக்கு மூக்கில் ரத்தம் வந்ததால் காற்றில் ஈரம் சேர்க்கும் ஹ்யூமிடிஃபையர் மாட்டினேன். மிளகாய் முன்போலக் காயவில்லை என்று அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.