ரவிக்கையின் டாட் நுனியில் புடைப்பு ஏன் வருகிறது?

மியான்மரின் மோல்மேனிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருக்கு மார்புச் சுற்றளவு 36 அங்குலம், மார்புக்குக் கீழே 31 அங்குலம். அளவு ரவிக்கையை வைத்து வெட்டி, முன்பக்கத்தில் பக்கத்துக்கு ஒரு டாட் (உடல் வளைவுக்கேற்பத் துணியைக் கூம்பாக மடித்துத் தைக்கும் மடிப்பு) பிடித்துத் தைத்ததில், டாட் நுனியில் சிறு பை போலத் துணி புடைத்து நிற்கிறது. கைக்குழியும் முன்புறம் வாய் பிளந்திருக்கிறது. டாட்டை அகலமாக்கிப் பார்த்தபோது புடைப்பு கூடிவிட்டதாம். பங்குனித் திருவிழாவுக்குப் பட்டு ரவிக்கை தைப்பதற்குள் வழி சொல்லும்படி கேட்கிறார்.

அகலமாக்கினால் புடைப்பு கூடத்தான் செய்யும். குறைந்த நீளத்துக்குள் 2½ அங்குல அகலத்தை அடக்கினால், தையல் கோடு செங்குத்தாகச் சரிந்து மடிப்பில் முட்டுகிறது. அந்த இடத்தில் துணி கூம்பு போல எழும்பாமல் என்ன செய்யும்? உங்களுக்குக் குறைக்க வேண்டியது மொத்தம் 5 அங்குலம். அதை முன் டாட் இரண்டிலும் 1½ வீதம் 3, பின் டாட் இரண்டிலும் ½ வீதம் 1, பக்கத் தையல்கள் இரண்டிலும் ½ வீதம் 1 என்று பிரித்துக்கொண்டால், முன் டாட் சுமை தாங்கும்.

அடுத்தது நுனி நிற்கும் இடம். அளவு ரவிக்கை சுற்றளவைச் சொல்லுமே தவிர, உங்கள் மார்பு முனை எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லாது. ரவிக்கையோடு அணியப்போகும் உள்ளாடையை அணிந்துகொண்டு, கழுத்தை ஒட்டிய தோள் தையலிலிருந்து மார்பு முனை வரையிலும், ஒரு முனையிலிருந்து மறு முனை வரையிலும் அளந்துகொள்ளுங்கள். இரண்டாவது அளவின் பாதியைத் துணி விளிம்பிலிருந்து வைக்கக் கூடாது. கொக்கி மாட்டும் நடுக்கோட்டிலிருந்தே வைக்க வேண்டும். தொழில் பழகிய காலத்தில் இந்த இடத்தில் தவறி, ஒரு பக்க டாட் அரை அங்குலம் தள்ளிப்போன ரவிக்கைகளை நானும் பிரித்திருக்கிறேன். டாட் நுனி மார்பு முனையைத் தொடாமல் ¾ அங்குலம் முன்னதாகவே முடிய வேண்டும்.

தைக்கும்போது அகலமான அடிப்பகுதியிலிருந்து தொடங்குங்கள். நுனிக்கு அரை அங்குலம் இருக்கும்போது தையலைச் சிறிதாக்கி, கடைசி மூன்று நான்கு தையல்கள் மடிப்பின் ஓரத்தை ஓரிழை அளவில் ஒட்டியே ஓடும்படி விட்டு, துணியைத் தாண்டி வெளியே ஓட்டிவிடுங்கள். நுனியில் முன்னும் பின்னும் ஓட்டிக் கெட்டித்தையல் போட வேண்டாம், அது துணியைச் சுருக்கி முடிச்சாக்கிவிடும். 3 அங்குல நூல் விட்டு, கையால் முடிந்தால் போதும்.

கைக்குழிப் பிளவுக்குத் தனி டாட் வேண்டும். ரவிக்கையை அணிந்துகொண்டு, பிளக்கும் இடத்தைக் குண்டூசியால் கிள்ளிப் பாருங்கள். பெரும்பாலும் அரை அங்குலத்துக்குள் அடங்கும். அதை மார்பு முனையை நோக்கிப் பிடித்து, முனைக்கு ஓர் அங்குலம் முன்பே முடியுங்கள். கைக்குழி அந்த அளவு சுருங்குவதால் கையின் வளைவையும் அதற்கேற்பக் குறைக்க மறக்க வேண்டாம்.

மின்சாரம் இருக்கும் நேரத்தில், சுருட்டிய துவாலையின் மேல் டாட்டை வைத்து, பட்டின் மீது மெல்லிய துணி விரித்து, மடிப்பை நடுப்பக்கமாகச் சாய்த்து இஸ்திரி போடுங்கள். தட்டையான மேசையில் போட்டால் பிடித்த வளைவு நசுங்கிவிடும்.

பட்டில் ஏறிய ஊசித்துளை எளிதில் மறையாது என்பதால், முதலில் பழைய லோஞ்சித் (பர்மியக் கைலி) துணியில் முன்பக்கத்தை மட்டும் வெட்டி, ஓட்டுத்தையலில் டாட் பிடித்து அணிந்து பாருங்கள். அதில் திருத்திய கோடுகளையே பட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம்.