ஊறுகாய் ஏன் பத்தே நாளில் தீர்ந்தது?

கேள்வி: என் மகன் நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் ப்ளஸ் ஒன் படிக்கிறான். மாதத்தில் ஒரு ஞாயிறுதான் பார்க்க விடுவார்கள். நான் பிரியாணி செய்துகொண்டு போவேன், வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுவோம். கணவருக்குக் கடை இருப்பதால் வர முடிவதில்லை. கொண்டுபோகும் முறுக்கு, அதிரசத்தை வார்டன் வாங்கி வைத்துக்கொள்கிறார். அவர் கண்ணில் படாமல் கொடுக்க என்ன வழி? ஒரு மாதம் கெடாமல் இருக்கும் பலகாரம் எது? அவன் பலகாரம் கேட்பதே இல்லை, ஊறுகாயும் பருப்புப் பொடியும்தான் கேட்கிறான். போன முறை கொடுத்த ஒரு கிலோ எலுமிச்சை ஊறுகாய் பத்து நாளில் தீர்ந்துவிட்டதாம்.
- ஒரு வாசகி, சிவகங்கை மாவட்டம்

பதில்: ஜூலை பிறந்தால் போதும், பிள்ளையை விடுதியில் விட்டுவிட்டு வந்த அம்மாக்களின் கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். எல்லாவற்றிலும் முறுக்கும் வார்டனும் இருப்பார்கள். அதனால் அதை முதலில் முடித்துவிடுகிறேன். வார்டனை ஏமாற்ற வழி சொல்ல மாட்டேன். துணிக்கு அடியில் ஒளித்து வைக்கப் பெற்ற தாயே கற்றுக்கொடுத்தால், நாளைக்கு அவன் உங்களிடமே ஒளிப்பான், அப்போது எனக்கு இன்னொரு கடிதம் எழுதுவீர்கள். ஒரே அறையில் இத்தனை பையன்கள் படுக்கிற இடத்தில் திறந்த டப்பா இருந்தால் எறும்பு வரும், எலி வரும். வார்டன் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஊறுகாயைப் பற்றி எழுதினீர்களே, அதை நீங்களே ஒரு முறை திரும்பப் படித்தீர்களா?

வீட்டு நினைப்பு வந்த பிள்ளை அதிரசம் கேட்கும், சாயங்காலம் பசிக்கிற பிள்ளை முறுக்கு கேட்கும். உங்கள் மகன் கேட்பது ஊறுகாயும் பொடியும். அப்படியென்றால் தட்டில் சோறு விழுகிறது, அதன்மேல் ஊற்றுகிற குழம்பு வாயில் வைக்கும்படி இல்லை. ஒரு கிலோ பத்து நாளில் என்றால் நாளைக்கு 100 கிராம். பக்கத்துப் பையன்களுக்கும் கொடுத்திருப்பான் என்பீர்கள். சரி, அப்படியே இருக்கட்டும். அது இன்னும் மோசம் இல்லையா? அந்த வரிசையில் உட்காருகிற அத்தனை பிள்ளைகளும் குழம்பைத் தள்ளிவிட்டு உங்கள் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு எழுந்து போகிறார்கள்! மனிதருக்கு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறார்கள், நாளைக்கு 100 கிராம் ஊறுகாயை அவன் ஒருவனே சாப்பிட்டால் அதுவே அந்த அளவைத் தாண்டிவிடும். வளர்கிற அந்த வயதுப் பையனுக்குத் தினமும் 55 கிராம் அளவுக்குப் புரதம் வேண்டும், ஒரு முட்டையில் இருப்பதே ஏறக்குறைய 6 கிராம்தான். முட்டைக்குப் பேர்போன ஊரில் படிக்கிறான், வாரத்துக்கு எத்தனை முட்டை தட்டுக்கு வருகிறது என்று கேட்டீர்களா?

கேட்டிருக்க மாட்டீர்கள். சேர்க்கும்போது போன வருடம் எத்தனை பேர் நீட்டில் தேறினார்கள் என்று கேட்டிருப்பீர்கள், டாப்பர் படம் போட்ட ஃப்ளெக்ஸை அண்ணாந்து பார்த்திருப்பீர்கள். மாதாமாதம் பிரியாணியோடு போய் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டு வருகிறீர்களே, அந்தப் பள்ளியின் சாப்பாட்டுக்கூடம் எந்தப் பக்கம் இருக்கிறது என்றாவது தெரியுமா? வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஃபீஸ் கட்டுகிறீர்கள், அந்தப் பணத்தில் பிள்ளை என்ன சாப்பிடுகிறான் என்று பார்க்க மட்டும் கூச்சமாக இருக்கிறது. சமைக்கிற வேலையை விடுதிக்கு விடலாம் அம்மா. தட்டை எட்டிப் பார்க்கிற வேலை பெற்றவர்களுடையது, அதற்கு எந்தப் பள்ளியும் ரசீது போட முடியாது.

அடுத்த ஞாயிறு பிரியாணி வேண்டாம். வெறும் கையோடு போய், மெஸ்ஸில் மகனோடு சாப்பிட வேண்டும் என்று சொல்லுங்கள். பெற்றோர் வரும் நாளில் மட்டும் சிக்கன் போடுகிற இடங்களும் உண்டு, அதனால் தட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள். கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் மிச்சம் கொட்டுகிற டிரம் இருக்கும், அதைப் பாருங்கள். தொடாத சோறும் சாம்பாருமாக அது நிறைந்து கிடந்தால் யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. விடுதி மெஸ்ஸுக்கும் உணவுப் பாதுகாப்புப் பதிவோ உரிமமோ கட்டாயம், 14 இலக்க எண் அது, சுவரில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பேசினால் பையனைத் தனியாகக் கூப்பிட்டுத் திட்டுவார்கள் என்ற பயம் இருக்கும், அது வீண் பயம் என்று சொல்ல மாட்டேன். அந்த மரத்தடியிலேயே இன்னும் நாலு அம்மாக்கள் டப்பாவோடு உட்கார்ந்திருப்பார்கள் இல்லையா, அவர்களையும் கூட்டிக்கொண்டு முதல்வரிடம் போங்கள். அப்படியும் அசையவில்லை என்றால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். அதற்கும் மாறாவிட்டால் அவனை வீட்டுக்குக் கூட்டி வாருங்கள், உள்ளூர் மேல்நிலைப் பள்ளியில் ப்ளஸ் டூ எழுதட்டும்.

கெடாத பலகாரம் கேட்டீர்கள். வறுத்த வேர்க்கடலை, எள்ளுருண்டை, ஈரம் படாமல் வைத்தால் மூன்று வாரம் தாங்கும். தேங்காய் சேர்த்த எதுவும் வேண்டாம், சீக்கிரம் சிக்கு வாடை அடித்துவிடும். அதையும் வார்டன் கையிலேயே கொடுத்து, சாயங்காலம் எல்லோருக்கும் பங்கு வைக்கச் சொல்லுங்கள். ஊறுகாயை நிறுத்திவிடுங்கள்.

அப்புறம், இந்த முறை உங்கள் வீட்டுக்காரரும் வர வேண்டும். மெஸ் பொறுப்பாளரிடம் நீங்கள் தனியாக நின்று பேசினால் ‘சரிங்கம்மா’ என்று தலையாட்டி அனுப்பிவிடுவார்கள். பிள்ளை அவருக்கும்தான் பிள்ளை. கடையை ஒரு ஞாயிறு பூட்டச் சொல்லுங்கள்.