வரையாத படத்துக்கு வாங்கிய அட்வான்ஸ் யார் பணம்?

கேள்வி: போர்ட்ரெய்ட் வரைவதும் ஓவிய வகுப்பு எடுப்பதும்தான் என் தொழில். வயது 43. பகலில் ஆயில் போர்ட்ரெய்ட், சாயங்காலமும் வார இறுதியிலும் பிள்ளைகளுக்கு வகுப்பு. ஆர்டருக்குக் குறைவில்லை, 14 படம் கையில் நிற்கிறது. எல்லாவற்றுக்கும் பாதிப் பணம் அட்வான்ஸாக வாங்கியாகிவிட்டது. ஆனாலும் மாதக் கடைசியில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. இரண்டு வருடத்துக்கு முன் அண்ணன் தொழிலுக்காக என் பெயரில் பர்சனல் லோன் எடுத்துக் கொடுத்தேன். முதல் மாதத்திலிருந்து தவணையை நான்தான் கட்டுகிறேன். இன்னும் மூன்று வருடம் பாக்கி. இப்போது அதன்மேல் டாப்-அப் என்று கூடுதல் கடன் எடுத்துத் தரச் சொல்கிறார். முடியாத படங்களைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன். அந்த முகங்களைப் பார்த்தால் தூக்கம் வருவதில்லை. மாணவி ஒருத்தியின் அப்பா, காப்பீடும் முதலீடும் சேர்ந்த ஒரு திட்டம் சொல்கிறார். மாதம் 15 வீதம் ஐந்து வருடம் கட்டினால் போதுமாம். அதில் சேரலாமா? வகுப்புக் கட்டணத்தை வருடத்துக்கு மொத்தமாக வாங்கினால் சமாளிக்க முடியுமா?

பதில்: சேமிப்பின் அருமை, செலவை எழுதிவைப்பது பற்றியெல்லாம் உங்களுக்கு நான் பாடம் எடுக்கப் போவதில்லை. கடிதத்தோடு அனுப்பிய வரவு செலவைப் பார்த்தாலே அது தேவையில்லை என்று தெரிகிறது. அடையாளம் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருப்பதால், உங்கள் வீட்டுச் செலவை மாதம் 100 என்று வைத்து, கேள்வியில் இருந்த தொகை உட்பட எல்லாவற்றையும் அதே விகிதத்தில் மாற்றியிருக்கிறேன். உங்கள் நோட்டோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

வகுப்பில் மாதம் 55 வருகிறது. தேர்வு நடக்கும் மூன்று மாதம் மட்டும் 30. ஒரு போர்ட்ரெய்ட்டுக்கு 40 வாங்குகிறீர்கள், அதில் 20 அட்வான்ஸ். கேன்வாஸ், கலர், ஃப்ரேம் என்று ஒரு படத்துக்கு 8 போகிறது. நிஜமாக முடித்துக் கொடுப்பது மாதம் இரண்டு படம். ஆக, நல்ல மாதத்தில் 55 + 80 - 16 = 119. வீட்டுக்கு 100, அண்ணன் தவணை 25, மொத்தம் 125. துண்டு 6. தேர்வு மாதத்தில் வரவு 94தான், துண்டு 31. வருடத்துக்குக் கூட்டினால் 54 + 93 = 147, இரண்டு வருடத்துக்கு 294.

இந்த 294 எங்கிருந்து வந்தது? வேறு கடன் எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். 14 படத்தின் அட்வான்ஸ் 14 x 20 = 280. தேடிக்கொண்டிருந்த பணம் இதோ இருக்கிறது. உங்கள் அண்ணனின் கடனை, முகம் வரையச் சொல்லி உங்களிடம் வந்தவர்கள் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அது அவர்களுக்குத் தெரியாது, உங்களுக்கும் இந்த நிமிடம் வரை தெரிந்திருக்காது.

தவணை மட்டும் இல்லாதிருந்தால் நல்ல மாதத்தில் 19 மிஞ்சியிருக்கும். தேர்வு மாதத்தில் 6 குறைந்திருக்கும். வருடத்துக்குக் கையில் 153. தொழில் சரியாகத்தான் ஓடுகிறது. 'கலைஞன் பிழைப்பே இப்படித்தான்' என்று கடிதத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள்.

அட்வான்ஸ் வாங்குவதைக் குறை சொல்லவில்லை. உங்கள் தொழிலில் அது காலம் காலமாக உள்ள வழக்கம். 18-ம் நூற்றாண்டு லண்டனில் ஜோஷுவா ரெனால்ட்ஸ் என்ற ஓவியர், படத்துக்காக ஒருவர் முதல் முறை வந்து அமரும்போதே பாதிப் பணம் வாங்கிவிடுவார். கூடவே யார் எப்போது வந்து உட்கார்ந்தார், யார் எவ்வளவு கொடுத்தார் என்று ஒழுங்காகக் குறித்தும் வைத்தார். அதே காலத்தவரான அமெரிக்க ஓவியர் கில்பர்ட் ஸ்டூவர்ட்டும் அட்வான்ஸ் வாங்கினார். ஆனால் தொடங்கிய படங்களை முடிக்காமல் போடுவதில் பேர் போனவர். கடன் நெருக்கி 1787-ல் லண்டனைவிட்டு டப்ளினுக்குப் போனார், 1793-ல் டப்ளினிலும் கடனை வைத்துவிட்டு ஊர் திரும்பினார். 1796-ல் அவர் வரைந்த ஜார்ஜ் வாஷிங்டன் படம் கடைசிவரை முடியவே இல்லை. கேட்டவர்களிடம் கொடுக்காமல், அதைப் பார்த்துப் பார்த்துப் பிரதி வரைந்து விற்றுக்கொண்டிருந்தார். அமெரிக்காவின் ஒரு டாலர் நோட்டில் இருக்கும் முகம் அந்த முடியாத படத்திலிருந்து எடுத்ததுதான். அந்த ஓவியரோ 1828-ல் குடும்பத்துக்குக் கடனை வைத்துவிட்டுத்தான் போனார். கையில் அவ்வளவு திறமை இருந்தும் அந்தக் கதி. இவர்கள் இருவருக்கும் நடுவில் நீங்கள் இப்போது இரண்டாமவர் பக்கம் சாய்ந்து நிற்கிறீர்கள்.

அட்வான்ஸைச் செலவழித்த பிறகு நடக்கும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மிச்ச 14 படத்தை முடிக்க ஏழு மாதம் ஆகும். அந்த ஏழு மாதமும் ஒரு படத்துக்கு உங்களுக்கு வரப்போவது மீதி 20தான். 55 + 40 - 16 = 79. வீட்டுக்கே 21 போதாது, தவணை அதற்கு மேல். அதனால்தான் பழைய படத்தில் கை வைக்கவே மனம் வருவதில்லை. அதே நேரத்தில் புது ஆர்டர் பிடித்தால் உடனே 20 வருகிறதே! இதைச் சோம்பல் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. பாதிக் கூலிக்கு முழு வேலை என்றால் யாருக்கும் கை ஓடாது.

கையை வேகப்படுத்தி மாதம் நான்கு முடித்துவிடலாம் என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள். ஆயில் எவ்வளவு நேரத்தில் காயும் என்று எனக்குச் சொல்லித்தர வேண்டியவர் நீங்கள். கீழே எண்ணெய் குறைந்த பூச்சு, மேலே எண்ணெய் கூடிய பூச்சு என்ற வரிசையை மீறி அவசரப்பட்டால் பிற்பாடு வெடிப்பு விடும். அம்பர் என்ற பழுப்பு சீக்கிரம் காயும், டைட்டானியம் வெள்ளை காத்திருக்க வைக்கும். காசு இல்லை என்று மலிவுக் கலருக்குப் போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வெளிச்சம் பட்டால் மங்கும் அலிசரின் கிரிம்சன் சிவப்பைக் கன்னத்திலும் உதட்டிலும் தடவி அனுப்பினால், சில வருடம் கழித்து வெளுத்த முகமே உங்களுக்கு எதிராக விளம்பரம் செய்யும். அவசரத்தில் கண் ஒரு நூல் விலகினாலும் 'அப்பா மாதிரியே இல்லையே' என்று படம் திரும்பி வரும். திருத்தும் அந்த வாரத்துக்கு யாரும் காசு தரமாட்டார்கள்.

இனி செய்ய வேண்டியது. அட்வான்ஸுக்கென்று தனியாக ஒரு வங்கிக் கணக்கு. அதற்கு ஏடிஎம் கார்டும் வேண்டாம், போன் செயலியும் வேண்டாம். ஆர்டர் பணம் அதில்தான் விழ வேண்டும். வந்த அன்று பொருள் செலவுக்கான 8-ஐ மட்டும் எடுக்கலாம். மிச்சம் வேலை நகர நகரத்தான் வெளியே வரும். முகச்சாயல் பிடிபட்டு ஆர்டர் கொடுத்தவர் 'சரி' சொன்ன அன்று ஒரு பங்கு, ஒப்படைத்த அன்று மீதி. புதியவர்களிடம் பணத்தையும் மூன்றாகவே வாங்குங்கள்: ஆர்டருக்கு ஒன்று, சாயலுக்கு ஒன்று, ஒப்படைக்கும்போது ஒன்று. கடைசிப் பங்கு காத்திருந்தால்தான் படம் முடியும். மனித சுபாவம் அப்படி.

பாக்கி 14 நான்காகக் குறையும் வரை புது ஆயில் ஆர்டருக்கு அட்வான்ஸ் கூடாது. பெயரை எழுதிவைத்துக்கொள்ளுங்கள், பணம் வேண்டாம். கூடவே விலையை 40-லிருந்து 50 ஆக்குங்கள். ஏழு மாதம் வரிசையில் நிற்கத் தயாராக ஆள் இருக்கிறது என்றால் நீங்கள் குறைவாகக் கேட்கிறீர்கள் என்று அர்த்தம். யாராவது விலகினால் அதுவும் நல்லதே.

இடைக்காலத்தில் 21-க்கு என்ன வழி? சார்க்கோல் (கரித்துண்டு) போர்ட்ரெய்ட். ஒன்றுக்கு 10 வாங்குவதாக எழுதியிருக்கிறீர்கள், ஒரே அமர்வில் முடிந்துவிடுகிறது. ஆயிலுக்குப் பகல் வெளிச்சம் வேண்டும், விளக்கில் தோல் நிறம் ஏமாற்றும். சார்க்கோலில் நிறமே இல்லை. வகுப்பு முடிந்த பிறகு விளக்கடியில் வரையலாம், கரி உதிராமல் பிடிக்கும் ஃபிக்சேட்டிவ் அடித்து மறுநாளே கொடுத்துவிடலாம். அட்வான்ஸ் வாங்காதீர்கள், கொடுக்கும்போது முழுப் பணம். மாதம் மூன்று என்றால் 79 + 30 = 109. தேர்வு மாதத்தில் வகுப்பில் 25 குறையும். சாயங்காலம் காலியாக இருக்குமே, அந்த மாதம் ஐந்தாறு வரையுங்கள்.

அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். டாப்-அப்புக்கு 'முடியாது' என்று சொல்லுங்கள். காரணம் விளக்க வேண்டாம். விளக்கினால் பேரம் ஆரம்பமாகும். பழைய கடனைப் பொறுத்தவரை வங்கிக்கு உங்கள் அண்ணனைத் தெரியாது. கையெழுத்து உங்களுடையது, கட்டாவிட்டால் கெடுவதும் உங்கள் பெயர். ஆகவே கோபத்தில் தவணையை நிறுத்திவிடாதீர்கள். ஆனால் இதுவரை கட்டிய 600-ஐயும் இனி கட்ட வேண்டிய 900-ஐயும் ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுங்கள். அந்தக் கடனில் அவர் வாங்கிய இயந்திரம் ஓடாமல் நிற்கிறது என்று கடிதத்தில் சொல்கிறீர்கள். அதை விற்று, வருகிற பணத்தை அசலில் கட்டச் சொல்லுங்கள். நின்றுகொண்டிருக்கும் இயந்திரம் நாளுக்கு நாள் விலை இறங்கும், கடன் அப்படி இறங்காது. இதைக் கேட்க உங்களுக்குக் கூச்சமாக இருக்கிறது, தெரிகிறது. 14 குடும்பத்திடம் 'அடுத்த வாரம்' என்று சொல்ல வராத கூச்சம் இங்கே மட்டும் ஏன்?

விற்க மாட்டேன் என்றால், வங்கியில் கேட்டு மூன்று வருட பாக்கியை ஆறு வருடமாக நீட்டிப் பாருங்கள். வட்டியைப் பொறுத்து தவணை 25-லிருந்து 15 பக்கம் இறங்கும். 36 x 25 = 900 கட்ட வேண்டிய இடத்தில் 72 x 15 = 1080 கட்டுவீர்கள்; 180 கூடுதல். நல்ல யோசனை என்று சொல்லமாட்டேன், மூச்சு விட ஒரு வழி, அவ்வளவுதான். வரவு 109, செலவு 115. அந்த 6-ஐயாவது அண்ணன் மாதாமாதம் தர வேண்டும், தவணைத் தேதிக்கு முன்னால். அதுவும் தராவிட்டால், அடுத்த முறை அவர் பணம் என்று வாயெடுக்கும்போது உங்களுக்குப் பதில் சொல்ல எளிதாக இருக்கும்.

வகுப்புக் கட்டணத்தை வருடத்துக்கு மொத்தமாக வாங்கும் யோசனை வேண்டாம். அதுவும் இன்னொரு அட்வான்ஸ்தான். கைக்கு வந்த மாதமே கரையும், மிச்சப் பதினொரு மாதம் சும்மா சொல்லிக்கொடுப்பீர்கள். தள்ளுபடி வேறு கொடுக்க வேண்டியிருக்கும்.

மாணவியின் அப்பா சொல்லும் திட்டம். காப்பீட்டையும் முதலீட்டையும் ஒன்றாகக் கட்டிய எதைப் பார்த்தாலும் எனக்குப் பொறுமை போய்விடுகிறது. முதல் வருடங்களில் கட்டும் பணத்தில் கமிஷனும் கட்டணமும் எவ்வளவு என்று அவரையே கேளுங்கள், பேச்சை மாற்றுவார். 'ஐந்து வருடம் போதும்' என்பதைவிட, ஐந்து வருடத்துக்குள் எடுக்க முடியாது என்பதுதான் உங்களுக்கு முக்கியம். மாதம் மாதம் துண்டு விழுகிறவர் அதில் 15 போட்டால், அந்த 15-ம் யாரோ ஒருவருடைய அட்வான்ஸிலிருந்துதான் போகும். குடும்பம் உங்களை நம்பியிருப்பதால் காப்பீடு தேவைதான். அதற்கு, குறித்த காலத்துக்குள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் டெர்ம் பாலிசி போதும். முதிர்வுத் தொகை ஒன்றும் வராது என்பதால் பிரீமியம் குறைவு. முதலீட்டைப் பாக்கிப் படம் நான்குக்கு வந்த பிறகு பேசுவோம், அப்போது மறுபடி எழுதுங்கள். மாணவி வகுப்பைவிட்டு நின்றுவிடுவாளோ என்று பயப்படாதீர்கள், நின்றால் போவது ஒரு கட்டணம்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டிருந்தால், இப்படிப்பட்ட பாலிசிகளில் பொதுவாக ஆவணம் கைக்கு வந்த சில நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்ள இடம் உண்டு. எத்தனை நாள் என்பது அந்த ஆவணத்திலேயே அச்சாகியிருக்கும். இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.